அன்னபூரணியின் வலது கை

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை. நான் நர்ஸ். பழைய அரசாங்கத்திலும் அறுவை வார்டில் நர்ஸ், புது அரசாங்கத்திலும் அதே வார்டில் அதே நர்ஸ். ஊருக்குப் பேர் மாறிப் பத்து வருஷம் ஆகப்போகிறது. ரேடியோக்காரனைத் தவிர எல்லோரும் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறோம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் கத்துவேன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கான் ஹொய் சந்தில் கத்துவேன். "ஜூலியேத் மதாம் வாயத் தொறந்தா துறைமுகத்துல கப்பல் நின்னுடும்" என்று முக்கில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற சலாஹுதீன் பாய் சொல்வார். சொல்லட்டும், அவருக்கென்ன.

காலையில் பூசை பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் அடுப்பு பற்றுகிற சத்தம் 'குப்' என்று ஒரு மாதிரி இருக்கும். அதற்கடுத்து என்ன சத்தம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். வந்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நாலு வீடு தள்ளி ராக்கம்மையின் வீடு. ராக்கம்மை சிவகங்கைப் பக்கத்துக்காரி. செட்டியார் கடைச் சமையல்காரரைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவள். கடையும் போய், செட்டியாரும் போய், புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு மகன் தெய்வசிகாமணியோடும் மருமகள் அன்னபூரணியோடும் இங்கேயே தங்கிவிட்டாள். அந்த மகனும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வுங் டாவ் பக்கம் ஒரு மீன்பிடிப் படகில் ஏறிக் கடலுக்குள் போனான். அம்மாவையும் பெண்டாட்டியையும் அப்புறம் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு அவன் எந்தக் கரை ஏறினான், ஏறினானா என்றே யாருக்கும் தெரியாது. மாமியாரும் மருமகளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சந்துதான் பேசியது, அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

நான் போனபோது நெருப்பு அணைந்திருந்தது. ராக்கம்மை ஈரச் சாக்கைப் போட்டு அன்னபூரணியை அமுக்கி அணைத்திருந்தாள். அந்தப் புண்ணியவதி அந்த ஒரு காரியத்தைச் செய்யாவிட்டால் எனக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்துபோய்க் கள்ளச் சந்தையில் வாங்கியிருக்கிறார்கள். அதில் பெட்ரோலைக் கலந்திருக்கிறான் ஒரு படுபாவி. அடுப்பு எரியும்போதே இவள் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். வலது கை விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும், அங்கிருந்து கழுத்தின் ஒரு பக்கம், நெஞ்சின் மேல்பாதி. கை சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் வெளுப்பு. வெளுப்பு என்றால் தோலின் அடிவரைக்கும் வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா, எரியுதுக்கா, எரியுதுக்கா" என்று கத்தினாள். கத்துகிற குரல் தெளிவாக இருந்தது, கம்மவில்லை. மூக்கு மயிர் கருகியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. புகையை உள்ளே இழுக்கவில்லை. மாதாவுக்கு ஒரு தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

"படுக்க வைக்காதே! உக்கார வை, செவத்துல சாய்ச்சு வை. கழுத்து வெந்திருக்கு, படுத்தா மூச்சு முட்டும்."

"ஆத்தாடி, எம் புள்ளைக்கு என்னாத்தா ஆச்சு" என்று ராக்கம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்புறம் அழுவலாம். தண்ணி எங்க?"

அதுதான் கேள்வி. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் ராத்திரிதான் வரும், அதுவும் நூல் மாதிரி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கண்விழித்துப் பிடித்து ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்திருப்பாள். சோற்றுக்கும் குளிப்புக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான். ராக்கம்மை வீட்டுப் பீப்பாயில் பாதிதான் கிடந்தது. ஒரு குவளையை எடுத்து அன்னபூரணியின் தோளிலிருந்து மெதுவாக ஊற்ற ஆரம்பித்தேன். தண்ணீர் கை வழியாக இறங்கி விரல் நுனியில் சொட்டியது. அவள் கத்தல் ஒரு படி இறங்கியது.

அதற்குள் சந்து முழுக்க வாசலில் கூடிவிட்டது. கூடினால் என்ன நடக்கும்? ஆளுக்கொரு வைத்தியம். முதலில் எதிர்வீட்டு பா தூ வந்தாள். வியட்நாம்காரி, மீன் விற்கிறவள். கையில் நுவோக் மாம் பாட்டில், மீன் சாறு, முழு பாட்டில். தீப்பட்ட இடத்தில் அதை ஊற்றினால் கொப்புளம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. நுவோக் மாமும் ரேஷனில்தான். ஒரு மாதச் சமையலை அவள் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தாள்.

"அதை இங்கே கொண்டுவந்தாயானால் உன் தலையில் ஊற்றுவேன்" என்று அவள் பாஷையிலேயே கத்தினேன்.

பின்னாலேயே சலாஹுதீன் பாய், ஒரு புட்டி பேனா மையோடு. "எங்க வாப்பா காலத்துலேருந்து இதான் மதாம். மை தடவுனா எரிச்சல் அடங்கிடும்."

"உங்க வாப்பா கணக்குப்புள்ளையா, டாக்டரா? தள்ளி நில்லுங்க பாய். மையப் பூசிட்டா ஆஸ்பத்திரியில எது தோலு எது மைன்னு எவன் பாப்பான்?"

ராக்கம்மை அதற்குள் உள்ளே போய் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் விபூதியை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தலை சுற்றியது.

"நெத்தியில பூசு, எம்புட்டு வேணாலும் பூசு. கையில ஒரு துளி பட்டா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். தண்ணிதான் மருந்து. வேற ஒண்ணும் கெடையாது. எண்ணெய் கெடையாது, நெய் கெடையாது, பல்லுப் பசை கெடையாது, ஐஸ் கெடையாது. தண்ணி! ஓடுற தண்ணி! வீட்டுக்கு ஒரு கொடம் கொண்டாங்க!"

ஒரு நொடி யாரும் அசையவில்லை. எல்லோரும் அவரவர் பீப்பாயை நினைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். குற்றம் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன். நாலு பேருக்குப் பின்னால் இருந்த ஒருத்தன் வாளியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் ஓடப் பார்த்தான். "கால்வாய்த் தண்ணியா? அதுல நாய் கூட எறங்காதுடா!" என்று கத்தினேன். பா தூதான் மீன் சாறு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வந்தபோது அவளும் அவள் மகளும் பீப்பாயையே ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தண்ணீர் தளும்பத் தளும்ப. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் கால் வந்தது. குடம், வாளி, அண்டா, பிஸ்கட் டின் என்று வரிசையாக வந்தது.

எவ்வளவு நேரம் ஊற்றுவது? வார்டில் சுவரில் கடிகாரம் இருக்கும். என் கைக்கடிகாரத்தை எப்போதோ அரிசியாக்கிச் சாப்பிட்டாயிற்று. அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜெபமாலையை அவசரப்படாமல் சொல்லி முடித்தால் இருபது நிமிஷம். தீப்புண்ணுக்கு அவ்வளவு நேரம் தண்ணீர் ஓட வேண்டும். அதனால் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன், சத்தமாக.

"அருள் நிறைந்த மரியே வாழ்க... ஏய், தோள்லேருந்து ஊத்து, முட்டியிலேருந்து இல்ல... கர்த்தர் உம்முடனே... உடம்பெல்லாம் நனைக்காதே, வெந்த எடத்துல மட்டும், கால நனைச்சியானா குளிர் வந்துடும்... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே... அடுத்த கொடம் எங்க!"

மாதா மன்னிப்பாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே.

பாவாடை நாடாவை அறுத்தேன். சட்டை நைலான்; நெஞ்சுப் பக்கம் உருகி ஒட்டியிருந்தது. ஒட்டாத இடத்தைச் சுற்றிக் கத்தரித்துவிட்டு ஒட்டிய இடத்தை விட்டுவிட்டேன். ராக்கம்மை அதைப் பிய்க்கக் கையை நீட்டினாள், கையிலேயே ஒன்று போட்டேன். துணி போகும்போது தோலும் கூடப் போகும். தாலி மஞ்சள் கயிறுதான். தங்கம் படகுக்காரனிடம் போயிருந்தது. கயிறு நனைந்து தளர்வாக இடது பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. அது யாரையும் ஒன்றும் செய்யாது, அதை நான் தொடவில்லை.

அப்புறம்தான் வளையலைப் பார்த்தேன்.

கண்ணாடி வளையல்கள், கரும்பச்சை. தெய்வசிகாமணி புறப்படுகிற அன்றைக்கு எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கிவந்தது. ஒரு சுற்றுச் சின்னது. அவனே இவள் கையைப் பிசைந்து பிசைந்து மாட்டிவிட்டான். "நான் வந்துதான் கழட்டணும், அதுவரைக்கும் கழட்ட முடியாது" என்று சிரித்தானாம். இவள் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வாள். கழற்றவும் முடியாதுதான், விரல் முட்டியைத் தாண்டாது. இப்போது அந்த வளையல்களுக்குக் கீழே கை வீங்க ஆரம்பித்திருந்தது. வெந்த கை வீங்கும். ரப்பர் பந்துக்குக் காற்றடிக்கிற மாதிரி நம் கண்ணெதிரே வீங்கும். வளையல் வீங்காது. அது கயிறு போட்டுக் கட்டியதுபோல இறுக்கிவிடும், அந்தப் பக்கம் ரத்தம் போகாது. அப்புறம் விரல்கள் செத்துவிடும்.

அன்னபூரணி தையல் கூட்டுறவில் சட்டைக் காலர் தைக்கிறவள். படகில் ஓடிப்போனவன் குடும்பம் என்று பெயர் வாங்கியவர்களுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். வேலை இருந்தால்தான் இரண்டு பேருக்கு அரிசி அட்டை. வலது கை இல்லாத தையல்காரியை எந்தக் கூட்டுறவும் வைத்துக்கொள்ளாது.

"பாய், கொறடு இருக்கா? சின்னது?"

"இருக்கு மதாம்." ஓடினார்.

"எதுக்குக் கொறடு?" என்றாள் ராக்கம்மை.

"வளையல ஒடைக்கணும்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த குவளை ராக்கம்மை கையில் அப்படியே நின்றது. அன்னபூரணி அந்த எரிச்சலிலும் அதைக் கேட்டுவிட்டாள். வெந்த கையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எப்படித் தூக்கினாளோ, எனக்கே அந்த வலி சுளீர் என்றது.

"வேணாங்க்கா. ஒடைக்காதக்கா. ஒங்க காலப் புடிக்கிறேன். அவரு உயிரோட இருக்காரு."

"இருக்கட்டும்டி. யாரு இல்லேன்னா? கையக் குடு."

"எங்க அக்காளுக்கு அப்படித்தான் ஒடைச்சாங்க. எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு... நான் பாத்தேன்க்கா. வேணாம். சோப்புப் போட்டு இழுங்க, தோலு போனாப் போவட்டும்."

"ஏ சூலி" என்றாள் ராக்கம்மை. அவளுக்கு என் பெயர் அவ்வளவுதான் வாயில் வரும். குரல் தணிந்திருந்தது. "வளையல ஒடைக்கிறதுன்னா எங்களுக்கு என்னான்னு ஒனக்குத் தெரியாது. நீ வேதக்காரி. எம் மகன் இருக்கான். அவன் இருக்கையில எம் வீட்டுல வச்சு வளையல ஒடைக்க விடமாட்டேன்."

எனக்குத் தெரியும். புதுச்சேரி வேதக்காரிகளும் வளையல் போடுகிறவர்கள்தான், எங்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்து சாஸ்திரம் பேச யாருக்கு நேரம்? எனக்குக் கோபம் வந்தது. பெரிய கோபம். தெய்வசிகாமணி மேல், பெட்ரோல் கலந்தவன் மேல், கடல் மேல், இவர்கள் இரண்டு பேர் மேல்.

"ஒம் மகன் இருக்கானா இல்லியான்னு எனக்குத் தெரியாது, ஒனக்கும் தெரியாது!" என்று கத்தினேன். "இவ கை இருக்கு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரந்தான் அதுவும் இருக்கும்!"

இத்தனை நாளாகச் சந்து முதுகுக்குப் பின்னால் பேசியதை நான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தண்ணீர் நின்றுவிட்டது. பா தூவுக்குத் தமிழ் தெரியாது. அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ராக்கம்மை கையிலிருந்த குவளையைத் தானே பிடுங்கி மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள்.

நான் ராக்கம்மையின் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தேன். "இங்க பாரு." அன்னபூரணியின் இடது கட்டைவிரல் நகத்தை அமுக்கினேன். வெளுத்தது, விட்டதும் சிவந்தது. "பாத்தியா, ரத்தம் வருது." வலது சுண்டுவிரல் நகம் மட்டும் வேகாமல் தப்பியிருந்தது. அதை அமுக்கினேன். வெளுத்தது. விட்டேன். வெளுப்பாகவே இருந்தது. வெகுநேரம் கழித்து ஏதோ மனசில்லாமல் வருகிற மாதிரி ஒரு சிவப்பு ஓரத்தில் வந்தது.

ராக்கம்மை நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடைக்காட்டி?"

"வெரலு போயிரும். ஒண்ணா எல்லாமான்னு தெரியல."

"ஒடைச்சா?"

"நிக்கும்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன். நிக்கும்னு நெனைக்கிறேன்."

சலாஹுதீன் பாய் மூச்சிரைக்கக் குறட்டோடு வந்து நின்றார். "நான் வேணா ஒடைக்கட்டுமா? பாவம் எனக்குச் சேரட்டும்" என்றார்.

"ஆபத்துக்குப் பாவமில்ல" என்றாள் ராக்கம்மை. எழுந்து அவர் கையிலிருந்து குறட்டை வாங்கினாள். "குடு இங்க. எம் மகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வளையல் உடைக்கிற சடங்கில் தாலியறுத்தவர்கள்தான் முன்னால் நின்று உடைப்பார்கள். ராக்கம்மை தாலியறுத்தவள். வெறுங்கழுத்தோடு, வெறுங்கையோடு, கையில் குறட்டோடு மாமியார் தன்னை நோக்கி வருவதை அன்னபூரணி பார்த்தாள். அவள் போட்ட அலறல் நெருப்புக்குப் போட்டதைவிடப் பெரியது. "அத்தே! வேணாம் அத்தே! நீங்களா அத்தே!"

"நான்தான்டி. நான்தான். வேற எவளையும் செய்ய விடமாட்டேன்." ராக்கம்மை அழுதுகொண்டே பேசினாள். "இது அதில்லடி. கேளு. அது வேற, இது வேற. இடது கையில ஒண்ணையும் தொடமாட்டேன், தாலியத் தொடமாட்டேன். அவன் வந்தா புதுசாப் போடட்டும், அவங்கிட்ட நான் மல்லுக்கட்டி வாங்கித் தர்றேன். வராட்டி... வராட்டியும் ஒனக்குக் கை வேணும்டி, எந்தங்கமே."

பா தூவின் மகள் அன்னபூரணியின் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. "அழுத்தாதே, பல்லுல வச்சு லேசா நெருக்கு, தானா விட்டுடும்" என்றேன். முதல் வளையல் 'டிக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தம்! துண்டுகளை நான் விரலால் பொறுக்கினேன், மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது. மூன்றாவது. கடைசி வளையல் சதைக்குள் பதிந்துபோயிருந்தது. அதன் கீழே ஈரத் துணியின் முனையை நுழைத்துக் கொடுத்தேன். அதுவும் விட்டது. மணிக்கட்டைச் சுற்றி ஆழமாக ஒரு வரி தெரிந்தது.

நான் ஜெபமாலையை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. போகட்டும் என்று மாலையின் மூன்றாவது பத்து மணிகளிலிருந்து மறுபடி பிடித்தேன். கூடக் கொஞ்சம் ஊற்றினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அது முடிந்ததும் நான் ஒரு மடத்தனம் செய்தேன். "வெள்ளத் துணி! தொவைச்சுக் காயவச்ச வெள்ளத் துணி கொண்டா!" என்று கத்தினேன். வார்டு வழக்கம், சுத்தமான துணி என்றால் எனக்கு வெள்ளைதான். எங்களுக்குக் கல்யாணப் பெண்ணும் வெள்ளையில்தான் வருவாள். பா தூ ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து விரித்தாள், மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. அன்னபூரணி அதைப் பார்த்தாள். வளையல் போன கையைப் பார்த்தாள். கத்துவதை நிறுத்திவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. தீப்பட்டவர்கள் கத்துகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை, அடங்கினால்தான் பயம்.

"மோன் தியே, கடவுளே, நான் ஒரு கழுதை" என்று சத்தமாகவே சொன்னேன். துணியைக் கையின் மேல் தளர்வாகப் போட்டேன், சுற்றிக் கட்டவில்லை. அதற்கு மேல் ஏதாவது போர்த்த வேண்டும், எப்படியும் போர்த்த வேண்டும். அவள் பல் கிட்ட ஆரம்பித்திருந்தது. இவ்வளவு தண்ணீருக்குப் பிறகு ஆளைச் சூடாக வைக்காவிட்டால் புண்ணைவிடக் குளிரே கொன்றுவிடும். "பா தூ, உன் மயில் போர்வை! சிவப்பு! ஓடு!"

பா தூவிடம் மயில் படம் போட்ட சிவப்புப் போர்வை ஒன்று உண்டு, மகளின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது. ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுவந்தாள். வெந்த பக்கம் உரசாமல், கால் முதல் இடது தோள் வரை அதைச் சுற்றினோம். உள்ளே வெள்ளை, வெளியே கல்யாணச் சிவப்பு. ராக்கம்மை போர்வையை இழுத்து வெள்ளை தெரியாமல் மூடிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் எல்லாம் எங்கள் சந்துக்குள் வராது, கூப்பிடவும் வழி கிடையாது. சலாஹுதீன் பாய் பெரிய தெருவுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஒரு லாம்ப்ரோ முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்று சக்கர வண்டி, ஆட்களை அடைத்துக்கொண்டு போவது. டிரைவர் அவர் பரம்பரையையே திட்டியிருக்கிறான். நாங்கள் அன்னபூரணியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அதோடு தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் திட்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் கோழிக் கூடையும் மூட்டையுமாக ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கினார்கள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. "த்ரோய் ஓய், த்ரோய் ஓய்" என்று, கடவுளே கடவுளே என்கிற அவர்கள் வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். ஒரு கிழவர் தன் இலைத்தொப்பியைக் கொடுத்தார், வெயில் படாமல் பிடித்துக்கொள்ள.

பாலத்தின் மேல் வண்டி குலுங்கும்போதெல்லாம் அன்னபூரணி முனகினாள். வெந்த கையை அவள் நெஞ்சளவு உயர்த்தி என் கைகளில் தாங்கியிருந்தேன். ராக்கம்மை ஒரு குவளை இளநீரோடு ஏறியிருந்தாள். "ஒரு வாய் குடுக்கட்டுமா? நாக்கு ஒட்டிக்கிச்சு அவளுக்கு."

"ஒதட்ட நனைச்சு விடு, போதும். உள்ள எறங்கக் கூடாது. மயக்க மருந்து குடுப்பாங்க, வாந்தி எடுத்தா மூச்சுல போயிடும்."

சொன்னபடி செய்தாள். அன்னபூரணி உதட்டை மூடிக்கொண்டாள், மாமியார் விரல் படாமல்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேலையிலிருந்தவர் இளம் டாக்டர், நல்ல மனுஷன். துணியை விலக்கிப் பார்த்தார். "எதையும் பூசவில்லையா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். அப்புறம் மணிக்கட்டு வரியைப் பார்த்தார், சுண்டுவிரல் நகத்தை அமுக்கினார். விட்டதும் சிவந்தது. நானும் பார்த்தேன், ராக்கம்மையும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இங்கே இருந்த வளையலை யார் எடுத்தது?" என்றார்.

"இந்த அம்மாள்தான், மாமியார்" என்றேன். "கை நிக்குமாம்" என்று ராக்கம்மைக்குத் தமிழில் சொன்னேன், அவர் அதைச் சொல்வதற்கு முன்னாலேயே.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு தாயே, மாரி" என்றாள்.

கை நின்றது. ஆள் நிற்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். மருந்து இருக்கிற நாளும் உண்டு, உப்புத் தண்ணீரை விட்டால் ஒன்றுமில்லாத நாளும் உண்டு. சந்தே மாறி மாறி வந்தது. பா தூ மீன் கஞ்சி கொண்டுவந்தாள். ராக்கம்மை கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் குடியேறிவிட்டாள்; பீ, மூத்திரம், கஞ்சி, விசிறி எல்லாம் அவள்தான்.

அன்னபூரணி மட்டும் எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. மற்ற நர்சுகளோடு பேசினாள், பா தூவோடு பேசினாள், பக்கத்துக் கட்டில்காரியோடு சிரிக்கக்கூடச் செய்தாள். ராக்கம்மை ஊட்டினால் வாயைத் திறப்பாள், கண்ணைத் திறக்க மாட்டாள். நான் கட்டு மாற்றப் போனால் சுவரைப் பார்த்துக்கொள்வாள். எனக்கு வருத்தம்தான், சொல்லிக்கொள்வதில் என்ன? அதைவிட ராக்கம்மையைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. "பேசாட்டிப் போறா, இருக்காள்ல" என்பாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கட்டு அவிழ்த்த பிறகு இன்னொரு சண்டை ஆரம்பித்தது. வெந்த கையை மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் விரல்கள் கோழிக்கால் மாதிரி அப்படியே இறுகிவிடும். ஒருநாள் விடாமல் போய் மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு என்று உயிரை எடுத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டும். விரல் பாதிக்கு மேல் மடங்காது. ஊசி பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழ இடைவெளி இருந்தது, அப்புறம் ஒரு நெல்லிக்காய், அப்புறம் ஒரு புளியங்கொட்டை. அதற்கு மேல் நகர மாட்டேனென்று நின்றுவிட்டது. எத்தனையோ நாள் அப்படியே நின்றது.

ஒரு காலை எனக்கும் பொறுமை போய்விட்டது. "இப்பிடி வச்சிக்கிட்டு என்னடி தைப்பே? சோம்பேறிக் கழுத! வலிக்குதுன்னு மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டா வெரலு தானா மடங்குமா? மடக்குடி!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அன்னபூரணி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். வலது கையை நீட்டி, என் மேல்கைச் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"இது வளையலுக்கு" என்றாள்.

"ஆ!" என்று அலறினேன். வலித்தது. சேசுவே, எவ்வளவு நன்றாக வலித்தது! கையைப் பார்த்தேன், சதை கன்றிப்போய்ச் சிவப்பாக, ஒட்டினாற்போல இரண்டு நகத் தடம். நான் அழுதுகொண்டே சிரித்தேனா, சிரித்துக்கொண்டே அழுதேனா, பைத்தியக்காரி மாதிரி நின்றேன்.

கட்டிலுக்கடியிலிருந்து ராக்கம்மை ஊர்ந்து வெளியே வந்தாள். என் கையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை ஒதுக்கித் தன் வெறுங்கையை அவள் முன்னால் நீட்டினாள்.

"அவள ஏன்டி கிள்ளுறே? ஒடைச்சது நானு. எனக்குப் போடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். அன்னபூரணியின் விரல்கள் அவள் மணிக்கட்டுக்கு வந்தன. கிள்ளவில்லை. ஒவ்வொன்றாக மடங்கி, மாமியாரின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன.

"அத்தே" என்றாள்.

ராக்கம்மை கண்ணைத் திறந்தாள். "கஞ்சி ஆறுது, கைய விடுடி" என்றாள். அன்னபூரணி விடவில்லை.